அந்தக் கயிறு அறுந்துபோகவில்லை

தம்பி,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த கையோடு மகனுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்த தாய் இந்த ரங்கூனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பசுந்தாங்கிலிருந்து பஸ் ஏறினால் ஷ்வேப்யிதாவில் உன் அறை வாசலில் இறங்கிவிடலாம், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நேரில் பேசினால் என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியும். நான் குரலை உயர்த்துவேன், நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். கடிதம் என்றால் நீ பாதியில் எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும், கோபம் ஆறியதும் வந்து மிச்சத்தைப் படிக்கலாம். பர்மிய எழுத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்துத் தூக்கிப் போட்டிருப்பாய். தமிழென்றால் எழுத்துக்கூட்டித்தான் உனக்கு வரும். மெதுவாகவே படி. மெதுவாகப் படித்தால்தான் உறைக்கும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். மா சூவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல பெண். கட்டிக்கொள்ளப் போகிறவனைவிட அவனுடைய அம்மாவின் பேச்சைக் கேட்கிறாள், அதுவே உனக்குப் பெரிய பாக்கியம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற பௌர்ணமித் தண்ணீர் ஏற்றத்தில் நீ வாங்கிய படகை மோட்டார் வைத்துக் கரையேற்றப் போகிறாய். கல்யாணத்துக்கு முன்னால் அடிப்பலகை இடுக்குகளை அடைத்து, கீல் பூசி, மழைக்கு முன் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது உன் கணக்கு. படகைத் தூக்கு, வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மோட்டாரால் தூக்காதே. உன் அப்பா படகு இழுக்கும்போது கயிறு அறுந்து செத்துப்போனார் என்று நினைத்து, அறுந்துபோகாத இரும்புக் கயிறாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறாய் என்று மா சூ சொன்னாள். அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கயிறு அறுந்துபோகவில்லை, தம்பி. அறுந்தது என்று உனக்குச் சொன்னவள் நான். நீ என் பொய்யை நம்பி, வராத ஆபத்துக்குக் காவல் போட்டுவிட்டு, வருகிற ஆபத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாய்.

நம் துறையை நீ உன் கையால் திரும்பக் கட்டியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை, சொல்லவும் எனக்கு வராது. அந்தப் பெரும் புயல் வந்து சரிவில் பதித்த மரங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனபோது, இத்தோடு இந்தத் தொல்லை விட்டது என்றுதான் வெளியில் சொன்னேன். உள்ளுக்குள் அழுதேன். பெரிய கப்பல் பட்டறை ஒன்றுமில்லை நம்முடையது. ஓடைக்கரையில் ஒரு சரிவு, சேற்றில் பதித்த தேக்கு மரங்கள், மேலே நிலத்தில் நட்ட ஒரு சுற்றுமரம். அதன் நாலு பக்கமும் நீளக் கம்புகளைச் செருகி ஆட்கள் செக்கு மாடு போலச் சுற்றி வந்தால் கயிறு அதில் சுற்றிக்கொள்ளும், படகு அங்குலம் அங்குலமாக ஏறும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஓடை பொங்கி வரும்போது படகைச் சரிவின் வாய்க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் மனிதர்கள்.

அந்த மனிதர்களுக்குக் குரல் கொடுக்கிறவளாக நான் எப்படி ஆனேன் என்று மா சூ கேட்டாள். அதுவரை குரல் கொடுத்துவந்த உன் தாத்தாவுக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. தேநீர் கொண்டுபோன புது மருமகள் நான், ஆட்கள் சும்மா நிற்பதைப் பார்த்து விளையாட்டாக ஒரு குரல் கொடுத்தேன். காதர் அண்ணன் சோம்பேறி, கம்பைத் தள்ளச் சொன்னால் கம்பில் சாய்ந்து தூங்குகிறார் என்று பாட்டாக இழுத்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள், படகு ஏறிவிட்டது. அதோடு அந்த வேலை என் தலையில் விழுந்தது. நம் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு இறுகியிருக்கும் நேரத்தில் கரையில் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். தமிழனோ பர்மியனோ, முதலாளியோ கூலியோ, குரல் கொடுக்கிறவரைத் தவிர யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பாம்பு காலைச் சுற்றினாலும் கையைத்தான் தூக்க வேண்டும். கையைத் தூக்கினால் நான் நிறுத்துவேன். நான் நிறுத்தினால் ஆட்கள் நிற்பார்கள். ஆட்கள் நின்றால் படகும் நிற்கும், யாரோ ஒருவர் அடியில் ஆப்பைச் செருகிவிடுவார். அப்படித்தான் அத்தனை வருஷமும் ஒருவர் விரல் நகம்கூடப் போகாமல் படகுகளை ஏற்றினோம்.

உன் அப்பாவுக்கு மோட்டார் ஆசை வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். நீ என்னிடம் சொல்கிற அதே நியாயத்தைத்தான் அவரும் சொன்னார். எண்பத்தெட்டில் மாணவர்கள் தெருவில் இறங்கிய அமளி ஓய்ந்து, ராணுவத்துக்குப் பயந்து ஊரே வாயை மூடிக்கொண்டு நடந்த வருஷங்கள் அவை. கம்பு தள்ளிய பையன்கள் சிலர் எல்லைக்குப் போனார்கள், சிலர் மலேயாவுக்குப் போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று கேட்கவே பயமாக இருந்தது. "ஆளு எங்க புள்ள இருக்கு? நானும் நீயும் காதரும் சேந்து தள்ளினா வாத்துகூட கரையேறாது" என்பார். எங்கிருந்தோ ஒரு பழைய மோட்டாரும் இரும்பு உருளையும் கொண்டுவந்து சிமெண்டு போட்டு இறுக்கினார். நமக்கு அவ்வளவு பெரிய மோட்டாருக்கு மீட்டர் ஏது? பக்கத்து மனையில் மீன்காரர்களுக்கு ஐஸ் உடைத்து விற்ற டோ மியா இல்லையா, அவருடைய கொட்டகையிலிருந்து சுவர்மேல் ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார். அனுமதியில்லாத கம்பி. அவருக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது. என் பிரசவத்துக்குக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷி, கேட்டதும் கொடுத்தார், அவ்வளவுதான். வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஸ்விட்சை அவருடைய கொட்டகைக்குள்ளேயே வைத்தார்கள். உருளை ஓடுவது இங்கே, அதை நிறுத்துவது சுவருக்கு அந்தப் பக்கம். அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது தவறாகவே தோன்றவில்லை.

மின்சாரத்தை நாம் மீ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மீ போய்விட்டது, மீ வந்துவிட்டது என்பதுதானே இந்த ஊரில் காலையும் மாலையும். மீ போனால் இந்த ஊர்க்காரர்கள் யாரும் ஸ்விட்சை அணைப்பதில்லை. விளக்கு, விசிறி, அரைக்கிற மெஷின், எல்லாம் போட்டபடியே கிடக்கும். வந்தால் தெரிய வேண்டுமே. வருகிற நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாதே. நான் மட்டும் மீ போனதும் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தேடித்தேடி அணைப்பேன். தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும். நீயும் சிரித்திருக்கிறாய். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மெழுகுவத்தியில் படித்துக்கொண்டிருந்தபோது, விளக்கு ஸ்விட்சைப் போட்டு வைத்தாய் என்பதற்காக உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். புத்தகத்தின்மேல் மெழுகு கொட்டியது. "லூசாம்மா நீ?" என்று கேட்டாய். காரணத்தைச் சொல்லாமல் அடித்தேன், அது தப்பு. அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்றைக்கு நீ அந்த மோட்டாரை வாங்கியிருக்கமாட்டாய்.

அப்பா போனபோது நீ நாலாம் வகுப்பு. தாமுவேயில் அத்தை வீட்டில் இருந்தாய், பள்ளிக்கூடம் பக்கம் என்று அங்கே விட்டிருந்தோம். அன்று பிற்பகல், அக்கரைக்கு ஆள் ஏற்றிப் பிழைத்த ஒரு குடும்பத்தின் படகை இழுத்துக்கொண்டிருந்தோம். ஏற்றம் முழுதாக வந்து, தண்ணீர் திரும்பத் தொடங்கிய நேரம். படகின் முன்பாதி சரிவுமேல் ஏறிவிட்டது, பின்பாதி இன்னும் தண்ணீரில். மீ போய்விட்டது. மோட்டார் முனகிக்கொண்டே நின்றது. தண்ணீர் இறங்க இறங்கப் படகின் பின்பாதிக்குத் தாங்கல் இல்லாமல் போகும், நடுவில் முறிந்துவிடும். காத்திருக்க முடியாது. உன் அப்பா ஆப்புகளைச் செருகச் சொன்னார், பக்கவாட்டுக் கயிற்றைக் கல்தூணில் கட்டச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். உருளையில் சுற்றியிருந்த கயிற்றைக் கழற்றி மேலே பழைய சுற்றுமரத்தில் மாட்டி, கையால் இழுத்துவிடலாம் என்பது திட்டம். காதர் அண்ணன் தெருவில் இறங்கி ஆள் கூப்பிட்டார், கேட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள். மீ இல்லாத நேரத்தில் இந்த ஊரில் யாருக்குத்தான் வேலை இருக்கும்.

டோ மியா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். நம்மோடு பழகிப்பழகி அவருக்கு அரைகுறைத் தமிழ் வரும். "தம்பி, ஸ்விட்சு நிப்பாட்டவா?" என்று கேட்டார்.

"கெடக்கட்டும் அக்கா, மீ வந்தா தெரியணும்ல" என்றார் உன் அப்பா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. அந்த இடத்தில் இருந்த யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், பேரப்பிள்ளை முதல் கிழவன் வரை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு யார்மேலும் கோபம் கொள்ளத் தெரியவில்லை. கோபப்பட ஓர் ஆள் இருந்திருந்தால் நான் இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

கயிற்றின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, குனிந்து, உருளையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவர் கழற்றினார். ஈரக் கயிறு, இறுகிப் போயிருந்தது, கையை உள்ளே விட்டு நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்போது தெருக்கோடியிலிருந்து குழந்தைகளின் சத்தம் கேட்டது. உனக்குத் தெரியாத சத்தமா? நீயும் கத்தியவன்தானே. "மீ லா பீ!" மின்சாரம் வந்துவிட்டது! ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீடு, அடுத்த மாடி, அடுத்த தெரு என்று அந்தக் கூச்சல் ஓடி வந்தது. யாரோ கைதட்டினார்கள். எங்கேயோ ஒரு ரேடியோ பாதிப் பாட்டிலிருந்து பாடத் தொடங்கியது. தம்பி, நானும் கத்தினேன். கயிறு இறுகியிருக்கும்போது பேசக்கூடாத கரையில், குரல் கொடுக்க வேண்டிய நான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "மீ லா பீ" என்று சந்தோஷமாகக் கத்தினேன். கத்திக்கொண்டே திரும்பி அவரைப் பார்த்தேன்.

அதற்கு மேல் நடந்ததை உனக்கு எழுதமாட்டேன். மோட்டாருக்குக் கண் கிடையாது, கை எது கயிறு எது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவு தெரிந்தால் உனக்குப் போதும். எங்கள் கூச்சலில் அவருடைய சத்தம் யாருக்கும் முதலில் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமானால் வாசலுக்கு ஓடி, தெருவைச் சுற்றி, டோ மியாவின் கேட்டுக்குள் நுழைய வேண்டும். நான் ஓடினேன். நான் கேட்டை எட்டுவதற்குள் என் அலறலைக் கேட்டு டோ மியாவே ஸ்விட்சைப் பிடுங்கி எறிந்திருந்தார். இங்கே காதர் அண்ணன் கத்தியால் கயிற்றை அறுத்து அவரை வெளியே எடுத்தார். சணல் கயிறாக இருந்ததால் அறுக்க முடிந்தது. ஒரு சைக்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தார்.

"படகு நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குதுங்க, ஆப்பு வச்சிருக்கு" என்றேன். தலையை அசைத்தார். பொழுது சாய்வதற்கு முன்னால் போய்விட்டார்.

இப்போது நீ கேட்பாய், அப்படியானால் கயிறு அறுந்தது என்று ஏன் சொன்னீர்கள் என்று. அனுமதியில்லாத கம்பி ஓர் உயிரைக் குடித்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் டோ மியாவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த வருஷங்களில் அதைவிடச் சின்னக் காரணங்களுக்காகப் போனவர்களே திரும்பி வரவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சுவர்மேல் இருந்த கம்பி காணாமல் போயிருந்தது, மோட்டார்மேல் வலையைப் போட்டு மூடியிருந்தார்கள். காதர் அண்ணன் கரையில் உட்கார்ந்து, தான் கத்தியால் வெட்டிய கயிற்று நுனியை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வெட்டியது அறுந்ததுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவர் கண்ணீர் அந்த இழைகள்மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் அந்த நுனியைக் காட்டினோம். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னோம். பிறகு நீ வளர்ந்து, கொட்டகையில் மாட்டியிருந்த அந்த நுனியை எடுத்து வைத்துக்கொண்டு, "இதானாம்மா?" என்று கேட்டபோது உனக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். குழந்தையிடம் உண்மையைச் சொன்னால் அது தெருவுக்குப் போய்விடும் என்று பயந்தேன். நீ குழந்தையாக இல்லாமல் போன பிறகும் சொல்லாமல் இருந்தது பழக்கதோஷம். டோ மியா போன மழையில் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அந்தப் பொய்யால் காப்பாற்ற வேண்டியவர் யாரும் இல்லை. உன்னைத்தான் அது கொல்லப் பார்க்கிறது.

அடுத்த நாள் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் நீ கொள்ளி வைத்துவிட்டு வந்து அத்தை மடியில் தூங்கிப்போனாய். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் ஓடையில் இறங்கித் தலைமுழுகினார்கள். படகு அந்தச் சரிவிலேயே பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்க இறங்கப் பின்பாதிக்கு முட்டுக்கொடுத்து இரவு முழுக்கக் காப்பாற்றியிருந்தார்கள், இன்னொரு ஏற்றத்தை அந்த முட்டுகள் தாங்காது. படகுக்காரக் குடும்பம் கரையில் ஒதுங்கி நின்றது, எங்களிடம் வாயைத் திறந்து கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லை. காதர் அண்ணன் ஈரத்தோடு வந்து என் வாசலில் நின்றார். "தங்கச்சி, தண்ணி ஏறுது. நீ சொன்னா நாங்க விட்டுர்றோம். போனா போவுது" என்றார்.

நான் எழுந்தேன். தாமுவே அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தார். "தாலி எறங்கின அன்னிக்கே கரைக்குப் போறியாடி? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து கம்பு தள்ளட்டும், நான் உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்காக உன் அத்தை என்னோடு வருஷக்கணக்காகப் பேசவில்லை, அது அவருக்கு நஷ்டம்.

மோட்டார் இல்லை, மீ இல்லை. வந்தாலும் எங்களுக்கு வேண்டாம். படகின் மூக்கில் கயிறு கட்டாமல் வயிற்றோடு சேர்த்து முழுதாக ஒரு சுற்றுக் கட்டினார்கள், இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் இருக்க. தேக்கு மரங்கள்மேல் வாழை மரங்களை வெட்டிப் போட்டார்கள், நசுங்கிச் சாறு கசிந்தால் எண்ணெயைவிட வழுக்கும். குளித்த தலை காயாமல் ஆண்கள் கம்புகளைப் பிடித்தார்கள். நான் குரல் கொடுத்தேன். அன்று கேலிப் பாட்டு இல்லை, வெறும் குரல்தான். என் குரல் உடைந்தபோதெல்லாம் அவர்கள் நின்றார்கள். நின்றபோதெல்லாம் ஆப்பு விழுந்தது. யாருக்கும் அவசரம் இல்லை. நான் மூச்சு வாங்கி மறுபடி தொடங்கும்வரை அத்தனை பேரும் தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். பொழுது இறங்குவதற்குள் படகு மேலே வந்துவிட்டது. அதன்பிறகு புயல் வரும்வரை நான் ஏற்றிய படகுகள் எல்லாம் அப்படி ஏறியவைதான். அந்தச் சுற்றுமரம் ஒரு நாளும் தானாகச் சுற்றத் தொடங்கியதில்லை. ஒரு மனிதன் கையை வைத்தால்தான் சுற்றும், எடுத்தால் நிற்கும்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நேற்று நீ வேலைக்குப் போயிருந்தபோது மா சூவோடு துறைக்குப் போய்ப் பார்த்தேன். உன் புது உருளையைப் பழைய சிமெண்டு மேடையிலேயே இறுக்கியிருக்கிறாய். அவள் பெருமையாகக் காட்டினாள். "மழ படக்கூடாதுன்னு ஸ்விட்ச உள்ளாற வச்சிருக்காரு அத்தே, பூட்டு போட்டு" என்றாள். புது அறை, புதுக் கதவு, நல்ல பூட்டு. உருளைக்கும் அந்த அறைக்கும் நடுவில் படகு நிற்கும், அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு இந்தப் பக்கம் தெரியாது. நான் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டே நான் நின்றதை அந்தப் பெண் வயசு என்று நினைத்துக்கொண்டாள், என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் மீ முன்னைப்போல இல்லையம்மா, நன்றாக வருகிறது என்பாய். எல்லோரும் அது போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். எனக்கு அது வருவதுதான் பயம். ஜெனரேட்டர் வைத்துக்கொள்கிறேன், மீ போனதும் ஸ்விட்சை மறக்காமல் அணைக்கச் சொல்கிறேன் என்பாய். யாரிடம் சொல்வாய்? தொட்டில் பருவத்திலிருந்து போட்டபடியே விட்டுப் பழகிய கைகள் இவை. படகு பாதியில் தொங்கி, தண்ணீர் இறங்கி, நாலு பேர் நாலு பக்கம் கத்தும்போது கை பழக்கத்தைத்தான் கேட்கும், நீ சொன்னதை அல்ல. உன் கையும் அப்படித்தான். சித்திரை வெயிலில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மீ இல்லாத நேரத்தில் விசிறி ஸ்விட்சைப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறாய். நான் அணைத்துக்கொண்டுதான் வருகிறேன், நீ கவனித்ததில்லை. இன்னொன்று. சணல் கயிறு கத்திக்கு வழிவிட்டது. உன் இரும்புக் கயிற்றை எந்தக் கத்தி அறுக்கும்?

ஆள் இல்லை என்பது பொய் என்று சொல்லமாட்டேன், உண்மைதான். அதற்காக நானே அலைந்திருக்கிறேன். காதர் அண்ணனுக்கு இப்போது எழுந்து நடக்கவே துணை வேண்டும், ஆனால் அவர் பிள்ளைகளும் மருமகன்களும் வருகிறோம் என்றார்கள். மா சூவின் அண்ணன்மார் வருகிறார்கள், மாப்பிள்ளை படகை நாங்கள் தள்ளாமல் யார் தள்ளுவது என்று கேட்டார்களாம். மீன் சந்தைப் பையன்கள் சாப்பாடு போட்டால் வருவார்கள், போடுகிறேன். வாழை மரம் சொல்லியாகிவிட்டது. என் குரல் பழைய குரல் இல்லை, மேல் ஸ்தாயி போய்விட்டது. ஆனால் நிறுத்து என்று சொல்வதற்கு இன்னும் போதுமான சத்தம் இருக்கிறது.

மோட்டாரை விற்றுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை. உன் உழைப்பில் வாங்கியது, வேறு எதற்காவது வைத்துக்கொள். என் வாழ்க்கையில் உன்னிடம் நான் கெஞ்சியதில்லை, அதட்டித்தான் பழக்கம். இப்போது கெஞ்சுகிறேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. அந்த வயசில் குழந்தைகளின் கூச்சலைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற பெண்ணாக அவளை ஆக்கிவிடாதே. இன்றுவரை அந்தக் கூச்சல் காதில் விழுந்தால், ஊரெல்லாம் கைதட்டும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பௌர்ணமியன்று காலையிலேயே துறைக்கு வந்துவிடுவேன். ஆட்கள் கம்பைப் பிடித்தால் குரல் கொடுப்பேன். இல்லை, மோட்டாரைத்தான் போடுவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாலும் சண்டைக்கு வரமாட்டேன். உன் உருளையில் கயிறு வந்து சுற்றும் இடத்தில், அப்பா நின்ற அதே பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறது. நேற்று மா சூ அந்தப் பக்கம் போனபோது உட்கார்ந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. அங்கே ஒரு பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பூட்டைத் திறந்து ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன்னால், ஒரு தடவை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ.

உன் அம்மா